கையை விட்டால் நின்றுவிடும்

பவர் டில்லரைத் தொடுமுன் காலில் நல்ல பூட்ஸ் இருக்க வேண்டும், ஐயா. இந்த விஷயத்தில் நான் கறார். தம்பி மொக்ரான் ரப்பர் செருப்போடு வந்து நின்றான். அப்பாவின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தத் தோட்டத்தில் பத்தொன்பது வருடம் உழுதவள் நான். பீன்ஸ், உருளைக்கிழங்கு, ஓரத்தில் அத்திமரங்கள். அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் நான்தான். தோட்டம் மொக்ரானுக்குப் போனது. எங்கள் கபிலி மலை ஊர்களில் அப்பன் நிலம் மகனுக்கு. பங்கு கேட்ட பெண்ணை நான் பார்த்ததில்லை, நானும் கேட்கவில்லை. பிரான்சிலிருந்து வந்தவன், காபி குடித்துக்கொண்டே, நிலத்தை விற்கப்போவதாகச் சொன்னான். நான் எங்கே போவேன் என்று கேட்டேன்.

"அத்தை வீட்ல ஒரு ரூம் சும்மாத்தானக்கா கெடக்கு," என்றான். அன்பாகத்தான் சொன்னான்.

வாங்குகிறவர் சனிக்கிழமை வருவதாக இருந்தது. மண்ணைக் கிளறிப் போட்டால் பார்வையாக இருக்கும் என்றான். வியாழக்கிழமை நான் உழுதுகொண்டிருந்தபோது, பக்கத்துத் தோட்டத்து அக்லி சுவரில் சாய்ந்துகொண்டு அவனை வாரினார். "என்ன மொக்ரான், அக்கா உழுவுறா, நீ குளிர் காயுறியா? பிரான்ஸ்ல இதத்தான் கத்துக்குடுத்தாங்களா?" தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. நாளைக்கு நானே உழுகிறேன் என்றான்.

மறுநாள் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். சட்டையை உள்ளே விடு, கல்லைப் பொறுக்கு, ஓடும்போது கத்திப் பக்கம் குனியாதே. எங்கள் நிலம் மலைச்சரிவில் படி படியாக வெட்டியது. முன்னால் பள்ளம், பின்னால் கல் சுவர். திருப்ப இடமில்லை, ரிவர்ஸில்தான் வரவேண்டும்.

"சுவர் கிட்ட வந்தா பதறாத. லிவர்லேர்ந்து கைய விட்ரு, அதுவா நின்னுடும்," என்றேன். உண்மைதானே. அந்த இயந்திரத்தை அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

லிவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டியிருந்தது என்கிறீர்கள். ஆமாம். எனக்கு விரல்களில் மூட்டுவாதம், அழுத்திப் பிடிக்க முடியாது. பல வருடமாகக் கட்டுக்கம்பி போட்டு, மேலே துணி சுற்றித்தான் ஓட்டுகிறேன். அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன். நானே ஸ்டார்ட் செய்து கையில் கொடுத்தேன்.

முதல் சாலிலேயே, ரிவர்ஸில் சுவரை நெருங்கியதும், சொன்னபடி கையை விட்டான். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தான்.

"விட்டுட்டேன்க்கா," என்றான். "அக்கா, கைய விட்டுட்டேன்."

இயந்திரம் அவனைச் சுவரோடு அழுத்தி ஏறியது. ஓடிப்போய்க் கம்பியைப் பிரிக்கப் பார்த்தேன். பாழாய்ப்போன விரல்கள், ஒரு முறுக்குகூட அவிழவில்லை. அக்லி சுவரேறிக் குதித்து ப்ளக் வயரைப் பிடுங்கிய பிறகுதான் நின்றது. நானும் தினமும் அப்படித்தான் நிறுத்துவேன். அந்த நேரத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவன் உயிர் போய்விட்டது.

நான் அவனுக்குக் கெடுதல் நினைத்தவள் இல்லை, ஐயா. பழைய கம்பி துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. தம்பி கையைக் கிழித்துவிடுமே என்று, அன்று காலை அவன் எழுந்திருப்பதற்குள் புதுக் கம்பியாகக் கட்டி, குறடால் இறுக்கி முறுக்கி வைத்தேன்.