அரை மணி முந்திய மில்

எங்கள் மில்லில் கதவடைப்பு என்றுதான் முதலில் நம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த எங்கள் மில் கம்ப்யூட்டர்காரர், "மூணு நாளா ஒருத்தரையும் உள்ள விடல மாப்ள" என்றதும், நாலு நாள் லீவில் இருந்த நான் மனசுக்குள் வேறு வேலைக்கு மனுவே எழுதி முடித்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த அவருடைய மச்சினன் கேட்டான்: "யாரு விடல அத்தான்?"

"சர்வர்தான். ஆபீஸ்காரவுக பேரு, பாஸ்வேர்டு எல்லாம் அதுக்குள்ள இருக்கு. அது நம்ம சர்வர்தான்னு மத்த கம்ப்யூட்டருக நம்பணும்ல, அதுக்கு ஒரு சர்டிபிகேட் போட்டேன். செல்லாதுன்னுட்டு. அழிச்சுட்டு வேற போட்டேன். அதுவும் செல்லல."

"ஏனாம்?"

"ஆளுக நேரத்துக்கு வரணும்னு மில்லு கடிகாரத்த அரை மணி கூட்டி வச்சிருக்கோம்லா? சர்வருக்கும் அதே நேரத்த வச்சிருக்கேன். மத்ததுல சரியான நேரம். சர்டிபிகேட் செல்ல ஆரம்பிக்க இன்னும் அரை மணி கெடக்குன்னு அதுக காத்திருக்கு. நான் வீட்டுக்கும் போவாம ராப்பகலா பத்து நிமிசத்துக்கு ஒருக்கா புதுசு போட்டுக்கிட்டே இருந்திருக்கேன்."

"ஒரு டீ குடிச்சிட்டு வந்திருந்தா சரியாயிருக்கும்!"

அவர் சட்டென்று பேச்சை மாற்றினார்.

"எம்மவளுக்குப் பேரு வச்சாச்சா?"

"காலையிலயே வச்சாச்சு அத்தான், பொறந்த மூணாம் நாளே வைக்கணும்னுட்டாக அம்மா. நீங்க வரல. காதுல நாந்தான் மூணு தடவ சொன்னேன்."

"முழிச்சுப் பாத்தாளா?"

"எங்க? நல்லாத் தூங்கிட்டா."

"அப்பக் கேட்டிருக்காதுலே. நான் போய்ச் சொல்லுதேன். இன்னும் மொகத்தக்கூட பாக்கலயே."

ஸ்டாண்டில் பஸ் நிற்கும் முன்பே அவர் குதித்துவிட்டார்.