ஒரு கன்னத்துப் பூரிப்பு

இந்தச் சமுதாய வளைகாப்புக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் அமுதம் அம்மையார் அவர்களே! நெடுங்காட்டுப் பெரியோர்களே! பெற்ற தாய்மார்களே, பெறப்போகும் தாய்மார்களே! மனைவியை இறக்கிவிட்டுப் பந்தலுக்கு வெளியே கைப்பேசியோடு நிற்கும் மாப்பிள்ளைமார்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பல் டாக்டரின் பணிவான வணக்கம்.

வளைகாப்பில் பல் டாக்டருக்கு என்ன வேலை என்று ஒரு அம்மா முணுமுணுக்கிறார். சொல்கிறேன். கையெல்லாம் வளையல், கழுத்தெல்லாம் மாலை, கன்னமெல்லாம் சந்தனம்! அந்தக் கன்னத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது பார்த்தீர்களா? வளையல் போடுகிறவர் ஊட்டுவதும் இனிப்பு, வாழ்த்த வருகிறவர் ஊட்டுவதும் இனிப்பு. அவளுக்கு வாய் ஒன்றுதானே, அம்மா!

இதோ, என் எதிரே எழில்மதி அமர்ந்திருக்கிறாள். பக்கத்தில் மாமியார் கல்யாணசுந்தரி அம்மாள். இவர்கள் வீட்டுக் கதையைச் சொல்லலாமா என்று இருவரிடமும் கேட்டேன். "சொல்லுங்க டாக்டர், நாலு பேரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க" என்றார் மாமியார். ஆகவே தாராளமாகச் சிரியுங்கள்.

ஆறாம் மாதத்தில் மருமகளின் வலக் கன்னம் உப்பியது. வந்தவர்கள் என்ன சொன்னார்கள்? "புள்ளத்தாச்சிக்குப் பூரிப்பப் பாரு, கண்ணு படப்போவுது!" உடனே உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாயிற்று. மறுநாள் கன்னம் இன்னும் உப்பியது. மறுபடியும் சுற்றிப் போட்டாயிற்று! ஏன் அம்மா, பூரிப்பு வந்தால் இரண்டு கன்னத்துக்கும் வராதா? வலப்பக்கத்துக்கு மட்டும் வழி கேட்டு வருமா? கைதட்டாதீர்கள், சுற்றிப் போட்ட கைகள் இந்தக் கூட்டத்திலும் இருக்கின்றன!

அது சொத்தைப் பல்லில் கட்டிய சீழ். காய்ச்சல் கண்டது, கஞ்சிகூட இறங்கவில்லை. வயிற்றில் பிள்ளை, தாயோ பட்டினி! கணவர் மதியழகன் அழைத்து வந்தபோது மாமியார் என் அறை வாசலை மறித்தார். "ஊசி போட்டா புள்ளைக்கு ஆவாதுங்க. பொறந்தப்புறம் பாத்துக்கலாம்."

"கர்ப்பிணிக்குப் பொருந்தும் மருந்தைத்தான் போடுவேன், அம்மா. பிள்ளைக்கு ஆகாதது அந்தச் சீழும் பட்டினியும்தான்" என்றேன். வழி விட்டார். சீழ் வடிந்தது, சோறு இறங்கியது.

ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷை ஒளித்து வைக்காதீர்கள். மெதுவாகத் துலக்குங்கள், வந்து காட்டுங்கள். வாந்தி எடுத்தவுடன் பல் தேய்க்காதீர்கள், தண்ணீரில் கொப்பளியுங்கள். என்ன, பயமாக இருக்கிறதா? என்னைக் கண்டா? என் வீட்டிலேயே யாரும் எனக்குப் பயப்படுவதில்லை, தாயே!

ஆனால் அன்று சிகிச்சை முடிந்து எழுந்த எழில்மதி ஒன்று கேட்டாள். "வலிக்குதுன்னு சொன்னப்பல்லாம், பல்லு முக்கியமா புள்ள முக்கியமான்னு கேட்டாங்க டாக்டர். நான் என்னன்னுங்க சொல்றது?" அந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

பிள்ளைக்காகச் சாப்பிடு என்கிறோம். பிள்ளைக்காகத் தூங்கு என்கிறோம். பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள் என்கிறோம். அவளுக்காக என்ன சொன்னோம்? அவளுக்காக என்ன செய்தோம்? ஒரு பெண் வலிக்கிறது என்றால் அவளுக்கு வலிக்கிறது. டாக்டரிடம் வர அந்தக் காரணம் போதும் தாய்மார்களே, அது ஒன்றே போதும்!

என்ன கல்யாணசுந்தரி அம்மா, எழுந்து நிற்கிறீர்கள்? சொல்லுங்கள்.

"எனக்கும் கடவாப்பல்லு வலிக்குதுங்க டாக்டர். வருசக்கணக்கா வலிக்குது. யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியல."

சிரிக்காதீர்கள், யாரும் சிரிக்காதீர்கள். இப்போது எங்களிடம் சொல்லிவிட்டீர்களே, அம்மா! நாளைக் காலையில் வாருங்கள். எழில்மதி, நீ அழைத்து வா. பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!