வாசலில் இருந்த வகுப்பு

மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்காக வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி தோழியிடம் சொன்னாள்:

“எங்கட வகுப்பு முழுக்கச் சோதினை எழுதப் போகல்லகா. அதுதான் எங்களுக்குப் பெரும.”

“என்னகா சொல்றாய்?”

“கல்லூரியில பதினொரு பேர்தான் நாங்க. சோதினை நாள் காலையில எங்களோட படிச்ச ரஞ்சினிய வழியில ஆமிக்காரன் மறிச்சி வெச்சிட்டான். அவள் வராம எழுதமாட்டம் எண்டு மண்டப வாசல்ல குந்திட்டம்.”

“அதிபர் ஏசல்லயா?”

“ஏசினார், மறுகா கெஞ்சினார். ‘ஒரு வருசம் வீணாப் போகும் புள்ளயள்’ எண்டார். போகட்டும் சேர் எண்டம்.”

“ரஞ்சினிய விட்டானுகளா?”

“பின்னேரம் விட்டானுகள். ஓடி வந்தவள் எங்களக் கண்டிட்டு, ‘விசர் புடிச்சவளுகள்’ எண்டு ஏசி ஏசி அழுதாள். அடுத்த வருசம் பதினொரு பேரும் ஒண்டா எழுதினம். நாலு பேர் பெயில். அதில நானும் ஒருத்தி.”

“கவலயில்லயா?”

வரிசை நகர்ந்தது. காவலில் நின்ற சிப்பாய் அடையாள அட்டை கேட்டான். அவள் அட்டையை நீட்டினாள். குரலை மட்டும் தாழ்த்தவில்லை.

“பெயிலானதுக்குக் கவலதான். வாசல்ல இருந்ததுக்கு இல்ல.”