தண்ணியில்லா விரதம்

— லைட்ட போடாதக்கா. அப்பா முழிச்சுக்குவாரு.

— தனேசு? மணி மூணு ஆவப் போவுதுடா! பின்வாசல்ல இருட்டுல நின்னுக்கிட்டு என்ன பண்ற? சிகரெட் பழகிட்டியா?

— சிகரெட்டுலாம் இல்லலா. மூக்க ஆற வைக்கிறேன்.

— என்னது?

— அஞ்சு நிமிசம் வெளிக்காத்துல நின்னுட்டு, அப்பறம் அப்பா ரூம்புக்குள்ள போனாதான் நாத்தம் இருக்கா இல்லையான்னு சரியா தெரியும். உள்ளுக்கே இருந்தா மூக்கு பழகிப் போயிரும்க்கா. ஒண்ணும் தெரியாது.

— ஓ, அதான் விசயமா? சாயங்காலம் பினாங்கு பஸ்ஸ விட்டு எறங்கி வந்து வீட்டுக்குள்ள கால வச்சப்பவே நெனச்சேன். எதோ பூனை கீனை உள்ள பூந்து வேலைய காட்டிருச்சின்னு.

— ஒனக்குத் தெரிஞ்சிருச்சா?

— அடேய், ஏன்டா மூஞ்சி இப்பிடி போவுது? பூனதான?

— பூனை இல்லக்கா. அப்பா.

— என்னடா ஒளர்ற?

— யார்கிட்டயும் சொல்லக்கூடாது. முக்கியமா ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என் தலையில கை வச்சி சத்தியம் வாங்கிட்டாரு. ஸ்ட்ரோக்கு வந்து ஆஸ்பத்திரியில இருந்தாருல்ல, அதுலேர்ந்து அவருக்கு மூத்திரம் நிக்க மாட்டேங்குது. வர்றது தெரியறதுக்குள்ள வந்துருது. பேம்பர்ஸ் போட்டிருக்காரு. பெரியவங்க போடுறது.

— எட்டு மாசமாவா?

— எட்டு மாசமா.

— இரு இரு. தீவாளிக்கி நான் வந்து ரெண்டு நாளு இருந்தேனேடா. அப்பா பக்கத்துலேயே ஒக்காந்து ஒரு டின்னு முறுக்க காலி பண்ணுனேன். எனக்கு ஒண்ணுமே தெரியலியே!

— தெரியக்கூடாதுன்னுதானக்கா அவ்வளோ வேல.

— யாரு மாத்திவுடுறது?

— வேற யாரு? அம்மா இருந்தா அம்மா பாத்திருப்பாங்க. அவருக்கு இடது கைதான் வரலியே, ஒத்த கையால அந்த டேப்ப இழுத்து ஒட்ட முடியாது. நான்தான். மேல கைலிய போத்திவுட்டு, அவரு மொகத்த பாத்துக்கிட்டே, நேத்து மேட்ச்சுல எவன் கோல் போட்டான்னு பேசிக்கிட்டே மாத்திருவேன். கீழ குனிஞ்சி பாத்தா அவரு கண்ண மூடிக்குவாரு. அதனால மேட்ச்சு.

— ஏன்டா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?

— சொன்னா நீ பினாங்கு வேலைய விட்டுட்டு வந்துருவன்னாரு. அவளுக்கு இப்பதான் லைன் லீடர் போஸ்ட்டு குடுத்திருக்கானுங்க, கெடுக்காதன்னாரு.

— அதச் சொல்றாரு பாரு, லாரி ஓட்டியே காலத்த ஓட்டுன மனுசன். சரி, ஒனக்கு யாரு இதெல்லாம் கத்துக் குடுத்தா?

— கிளினிக்ல இருக்கற நர்ஸு மிஸ்ஸி பாதி சொன்னாங்க. மீதியெல்லாம் நான் தப்பு தப்பா பண்ணி கத்துக்கிட்டது. மொத மாசம் பவுடர டின்னு டின்னா கொட்டுவேன், வாசனையா இருக்கட்டும்னு. அது ஈரத்துல ஊறி தோச மாவு மாதிரி கட்டிப்போச்சி. அந்த நாத்தம் இருக்கே, சொல்ல முடியாது. தொடையெல்லாம் செவந்து வெந்துபோயிருச்சி, பாவம், வாயத் தொறக்கல மனுசன். அப்பறம் சாம்பிராணி போட்டேன். பக்கத்து வீட்டு வீரம்மாக்கா எட்டிப் பாத்து, என்னடா தம்பி, தெனம் ரெண்டு தடவ பூச பண்ற, சாமியாரா போவப் போறியான்னு கேட்டாங்க.

— ஹைய்யோ! சிரிக்க வைக்காதடா, அப்பா முழிச்சுக்குவாரு.

— நெசமாக்கா. அப்பறம்தான் புரிஞ்சிச்சி. வாசனைய மேல ஊத்தி ஒண்ணும் ஆவாது, நாத்தத்த வரவே வுடக்கூடாதுன்னு. நெறஞ்சாலும் நெறையாட்டியும் நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்தணும். ராத்திரிக்குத்தான் ரெண்டு மணிக்கி அலாம் வச்சிருக்கேன். வெதுவெதுன்னு தண்ணி, வாசனை இல்லாத சவுக்காரம். தேய்க்கவே கூடாது, துவாலையால ஒத்தி ஒத்தி எடுக்கணும், மடிப்புல ஒரு சொட்டு ஈரம் நிக்கக்கூடாது. அப்பறம்தான் மிஸ்ஸி குடுத்த கிரீம்மு, அதும் லேசா.

— பழச என்ன பண்ணுவ?

— உள்ளுக்குள்ள சுருட்டி, அதோட டேப்பாலேயே ஒட்டிருவேன். மேல பேப்பரு, அப்பறம் பை, இறுக்கி ஒரு முடிச்சி. நேரா வெளிய மூடி போட்ட தொட்டியில. வீட்டுக்குள்ள ஒரு நிமிசம் வைக்க மாட்டேன். கைலி நனைஞ்சா ஒடனே பச்சத்தண்ணியில அலசி, வினிகர் ஊத்தி ஊற வச்சிருவேன். மெத்தைக்கி அடியில பிளாஸ்டிக் விரிப்பு, அதையும் வாரத்துக்கு ரெண்டு தடவ வெயில்ல...

— அடேய், மூச்சு வுடு. பள்ளிக்கொடம் போற அன்னிக்கி என்ன பண்ணுவ?

— ரெஸ்ட்டு நேரத்துல மோட்டார எடுத்துக்கிட்டு ஓடியாந்து மாத்திட்டு ஓடிருவேன். கேட்டுல காவலுக்கு நிக்கிற ஜாகா, என்னடா தெனம் வீட்டுல வச்ச புக்க எடுக்கப் போறியான்னு சிரிப்பாரு. ஆனா தெறந்து வுட்டுருவாரு.

— சாப்பிடறது?

— போற வழியில எதாச்சும். அத வுடு. எனக்கு ஒரு டெஸ்ட்டர் வேற இருக்கான் தெரியுமா? விக்னேஸ்வரன். கணக்கு சொல்லிக் குடுக்கறேன்னு கூட்டியாந்து, அப்பா ரூம்பு வாசல்ல ஒக்கார வைப்பேன். அவன் மூக்க சொறிஞ்சாகூட எனக்கு நெஞ்சு அடிச்சிக்கும். எட்டு மாசத்துல ஒரு தடவகூட அவன் மொகம் சுளிச்சதில்ல. அவனுக்கு இன்னும் பின்னமே புரியல, அது வேற விசயம்.

— தனேசு.

— என்னக்கா?

— ஒண்ணுமில்லடா. எங்க ஃபேக்டரியில அறுவது பேர வச்சி வேல வாங்குறேன். ஒன்ன மாதிரி ஒருத்தன் இல்லடா எங்கிட்ட. சத்தியமா சொல்றேன்.

— அப்பிடி சொல்லாத.

— ஏன்?

— சொல்லாதலா. நான் நல்லவன் இல்ல.

— டேய், என்னடா, அழுவுறியா? இங்க பாரு. இவ்வளோ ஒழுங்கா பாக்கறவன் வீட்டுல இன்னிக்கி ஏன் அந்த நாத்தம்? அதச் சொல்லு மொதல்ல.

— விடிஞ்சா தைப்பூசம்.

— தெரியும், அதுக்குத்தான லீவு போட்டு வந்திருக்கேன்.

— அப்பா இருவத்தொரு நாளா விரதம். நான் எவ்வளோ சொல்லிப் பாத்தேன், இந்த வருசம் வேணாம்ப்பா, வலது கையில மட்டும் பால்கொடத்த புடிச்சிக்கிட்டு நடக்க முடியாதுப்பான்னு. கேக்கல. இங்க புந்தோங் கோயில்லேர்ந்து கல்லுமலை முருகன் கோயில் வரைக்கும் நடக்கணும். மஞ்ச வேட்டி, உள்ளுக்கு பேம்பர்ஸு, வெயிலு. கூட்டம் ஒடம்போட ஒடம்பு ஒட்டிக்கிட்டு போவும். எவனாச்சும் ஒருத்தன், ச்சீ, என்ன நாத்தம்னு சொல்லிட்டா? மூத்திரத்தோட சாமிகிட்ட வர்றியான்னு கேட்டுட்டா? தலையில பால்கொடம் இருக்கும்க்கா. அவரால மொகத்தகூட திருப்ப முடியாது.

— சரிடா, அதுக்கு?

— அதுக்கு... நான் ஒரு பொய் சொன்னேன். கடைசி மூணு நாளு, மத்தியானத்துக்கு மேல பச்சத்தண்ணிகூட படக்கூடாதுன்னு கோயில்ல ஐயரு சொன்னாருன்னு. தண்ணி குடிக்கலன்னா மூத்திரம் வராது, மூத்திரம் வரலன்னா நாத்தம் வராதுன்னு நெனச்சேன். அப்பா ஒரு கேள்வி கேக்கல. சரிப்பான்னாரு. மூணு நாளா குடிக்கல.

— அடப்பாவி!

— இப்ப மாத்துனேன்ல, பேம்பர்ஸ் பாதிகூட நனையல. ஆனா கலரு பால் ஊத்தாத தே-ஓ மாதிரி இருக்குக்கா. கழட்டுனதும் நெடி கண்ணுல ஏறுது. ரெண்டு தடவ கழுவிட்டேன், விரிப்ப மாத்திட்டேன், சன்னல தொறந்துட்டேன். மூணு தடவ வெளிய வந்து நின்னுட்டு உள்ள போறேன், போவவே இல்ல. அவருக்குள்ள எதோ கெட்டுப் போச்சோன்னு பயமா இருக்கு. சாமி பேரச் சொல்லி பொய் சொன்னேன்ல? அப்பாவ நானே...

— ஏய், நிறுத்து. என்னப் பாரு. ஒடம்பு சுடுதா அவருக்கு?

— பாத்தேன். முப்பத்தாறு புள்ளி எட்டு, காச்சல் இல்ல.

— எரியுது, அடிவயிறு வலிக்குதுன்னு சொன்னாரா?

— கேட்டேன். இல்லன்னாரு. ஆனா அவருதான் எதுக்கும் வாயத் தொறக்க மாட்டாரே.

— பேச்சு கொளறுதா? ஒன்ன அடையாளம் தெரியுதா?

— என்ன தூங்கச் சொல்லி திட்டுனாரு.

— திட்டுனாரா? அப்ப நல்லாத்தான் இருக்காரு. இங்க பாரு, தண்ணி கொறஞ்சா மூத்திரம் சாயம் மாதிரி எறுகிரும். அதான் அந்த நெடி. கிருமி வர்றதுக்கும் அதுதான் வழி. இப்பவே கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடுக்கறோம். விடியக்காலையிலயும் இதே கலரு, இதே நாத்தம், இல்ல லேசா சூடு அடிச்சாலும் சரி, பால்கொடமும் கெடையாது ஒண்ணும் கெடையாது, நேரா கிளினிக்கு. புரிஞ்சிச்சா?

— அவரு ஒத்துக்க மாட்டாரு.

— நான் ஒத்துக்க வைக்கிறேன். அடேய், வழி நெடுக சனங்க தண்ணிப் பந்தல் போட்டு, கைய புடிச்சி இழுத்து தண்ணி குடுக்கற திருநாளுடா இது. அந்தச் சாமி பேரச் சொல்லியா ஒரு மனுசனுக்கு தண்ணிய மறிச்ச?

— இப்பதான் பாவம் இன்னும் பெருசா தெரியுது. தேங்க்ஸ்க்கா.

— மூஞ்சப் பாரு. அவரு நடக்குற மாதிரி இருந்தா நான் கூடவே வாரேன். தோள்ல ஒரு பை, அதுல ரெண்டு பேம்பர்ஸு, துவாலை, ஒரு போத்தல் தண்ணி. நடுவுல எதாச்சும் ஒரு பந்தலுக்குப் பின்னாடி வேட்டிய மறைப்பா புடிச்சிக்கிறேன், நீ மாத்து. எவனாச்சும் மூக்க புடிச்சான்னா, அவன் மூக்க நான் புடிக்கிறேன்.

— பிரமிளா... அந்தத் தண்ணிய எனக்கும் ஒரு வா குடும்மா.

— அப்பா! தடி இல்லாம ஏன் எந்திரிச்சி வந்தீங்க? செவுத்த புடிங்க, செவுத்த புடிங்க. தனேசு, நாற்காலிய இழு!

— ஒங்க ரெண்டு பேரு ஹாரன் சத்தத்துல எவன் தூங்குறது? கொண்டா... ம். ஆங். நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்து.

— மெதுவாப்பா. ஒரேடியா குடிக்காதீங்க.

— அப்பா, எல்லாத்தையும் கேட்டுட்டீங்களா?

— பதினெட்டு வருசம் பால்கொடம் எடுத்தவன்டா நானு. விரதத்துல தண்ணி கூடாதுன்னு எந்த ஐயரும் சொல்லி நான் கேட்டதில்ல.

— தெரிஞ்சேவா குடிக்காம இருந்தீங்க?

— நீ அந்தப் பொய்ய சொன்னப்ப, புதுசா லைசன்சு எடுத்தவன் முழு லோடோட எறக்கத்துல எறங்குற மாதிரி நடுங்குன. அந்த நேரத்துல பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு கத்தக்கூடாது. கத்துனா வண்டி கவுந்துரும். பேசாம இருந்துட்டேன். அது என் தப்பு. ஒன்னோட பயத்த கேட்டிருக்கணும்.

— மன்னிச்சிருங்கப்பா.

— வுடு வுடு. கிளினிக்கு போவணும்னா போவேன், அதுல மொரண்டு புடிக்க மாட்டேன். ஆனா நல்லாருந்தா நடப்பேன்.

— ஏம்ப்பா இந்த வருசமேதான் எடுக்கணுமா? உசுரு பொழச்சதுக்குத்தான வேண்டிக்கிட்டீங்க, அடுத்த வருசம் எடுத்தா முருகன் கோச்சுக்குவாரா?

— உசுருக்குன்னு யாரும்மா சொன்னா?

— பின்ன? நடக்கணும்னா?

— தம்பி, நீ சொல்லு. ஆஸ்பத்திரியில மொத நாளு நான் நனைஞ்சி கெடந்தப்போ, மிஸ்ஸி ஒன்ன கூப்புட்டு போர்வைய தூக்கச் சொன்னாங்க. என்ன பண்ணுன?

— அது எதுக்குப்பா இப்போ?

— சொல்லுடா.

— வெளிய ஓடிப் போயி வாந்தி எடுத்தேன். அன்னிக்கி மட்டும்தாம்ப்பா...

— நாலாவது நாளு?

— ஞாபகம் இல்ல.

— எனக்கு இருக்கு. விசிலடிச்சிக்கிட்டே மாத்துன. எனக்கு கை வரணும், காலு வரணும்னு நான் வேண்டிக்கல ராசா. என்னைத் தொடுற கைக்கு அருவருப்பு வரக்கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டேன்.