சைடுபோர்டு வழக்கு

இல்லம்மா, அலமாரின்னு சொல்லாதீங்க. அது என் மச்சான் சொல்ற வார்த்தை. நீங்களும் சொல்லிட்டா அவரு கட்சின்னு ஆயிடும். இது சைடுபோர்டு. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்துல இடுப்பு உயரத்துக்கு நின்னுக்கிட்டு, தட்டு கரண்டியெல்லாம் வயித்துக்குள்ள வச்சுக்கும். அலமாரின்னா ஆள் உயரமாவது வேணாமா? ஆமா, இதுக்கும் கதவு இருக்கு. ஃப்ரிட்ஜுக்குக்கூடத்தான் கதவு இருக்கு.

சரி, நீங்க பாருங்க. தரையில படுக்கணுமா? இருங்க, பாய் தர்றேன். வேணாமா? நல்லது. அடியில படுத்துப் பாக்குற ஆளத்தான் நான் நம்புவேன். ஒருதடவ மச்சான் ஒரு கடைக்காரரக் கூட்டிட்டு வந்தாரு. அந்த மனுஷன் நின்னபடியே ரெண்டு தட்டு தட்டி, காத வச்சுக் கேட்டுட்டு, தேக்குன்னுட்டாரு. தர்பூசணியா வாங்குறாரு?

நான் பேசிட்டே இருந்தா தொந்தரவா? என்னமோ சொல்றீங்க, கீழருந்து சரியா கேக்கல. சம்மதம்னு எடுத்துக்கறேன்.

வழக்கு இதுதான். இது என் வீட்டம்மாவோட பொறந்த வீட்டுச் சாமான். அவ அண்ணன்தான் மச்சான். அவரு, எங்க தாத்தா தன் கையாலயே செஞ்சது, அசல் தேக்கும்பாரு. நான் ஒத்துக்கல. இது வால்நட், சீமை மரம், கப்பல்ல வந்தது, யாரோ வீட்டக் காலி பண்ணிட்டுப் போகும்போது வித்தத உங்க தாத்தா வாங்கிட்டு வந்து நானே செஞ்சேன்னு சொல்லிக்கிட்டாருன்னு சொல்வேன். தாத்தாவ இழுத்தா அவருக்குக் காது செவந்துடும். அதுக்காகவே இழுக்கறதுதான்.

அவரு பள்ளிக்கூடத்துல டிரில் மாஸ்டரா இருந்தவரு. விசிலடிச்சா மரம்கூட நேரா நிக்கும்னு நெனப்பு. நான் அச்சகத்துல பிழை திருத்துனவன். தப்பு கண்ணுல பட்டா கை சும்மா இருக்காது. பாருங்க, எப்படிப்பட்ட ஜோடி! மாப்ள, நீங்க படிச்ச புத்தகத்தையெல்லாம் அடுக்கினா இந்த அலமாரி உயரத்துக்கு வரும், அதுல ஒரு வரியாவது மரத்தப் பத்தி இருக்கான்னு கேப்பாரு. என் வீட்டம்மா நடுவுல வந்து, எந்த மரமா வேணா இருக்கட்டும், தொடைக்கிறவ நான், ரெண்டு பேரும் காலத் தூக்குங்கன்னு பெருக்கிட்டுப் போயிடுவா.

என் பொண்ணுக்கு இதெல்லாம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. அதான் பழைய மரச்சாமானப் பாத்துச் சொல்ற ஆளுன்னு உங்களப் பிடிச்சு அனுப்பிட்டா. மச்சான் இப்ப வந்துடுவாரு. அவரு வந்ததும் எங்க ரெண்டு பேர் முன்னாடியும் நீங்க சொல்றதுதான் முடிவாம். அதுக்கப்புறம் யாரும் இந்தச் சாமானப் பத்தி வாயே தெறக்கக் கூடாதாம். போன்லயே தீர்ப்பு எழுதிட்டா. எனக்குப் பொறந்தது அப்படித்தானே இருக்கும்.

இழுப்பறைய முழுசா வெளிய எடுத்துட்டீங்களா? மூலையப் பாருங்க, புறா வால் மாதிரி வெட்டிக் கோத்திருக்கு. கையால வெட்டினா ஒண்ணு பெருசா ஒண்ணு சின்னதா இருக்கும். இதுல எல்லாம் ஒரே அளவு. ஆமா, மெஷின் வேலை. அப்ப தாத்தா கத அம்பேல். மச்சான்கிட்ட இதச் சொன்னா, எங்க தாத்தா கை மெஷின் மாதிரி ஓடும்னுட்டாரு. என்ன பண்ணச் சொல்றீங்க?

மேல் பலகையில ஓடுற ரேகை ஓரத்துலயும் தொடர்ந்து இறங்குது பாத்தீங்களா? மேல மெல்லிசா ஒட்டின மரத் தகடா இருந்தா அங்கயே நின்னுடும். முழுப் பலகைதான். எடையும் உண்டு. வெள்ளையடிக்க நகத்தினப்ப என் இடுப்பு அத நல்லாத் தெரிஞ்சுக்கிச்சு. தேக்குல தோல் செருப்பு மாதிரி ஒரு வாசன வருமே, இதுல வரல. வரலதானே? மோந்து பாருங்க. ஆங், வெங்காயமா? அது கீழ் தட்டுல வச்சிருக்கேன். மன்னிக்கணும்.

அய்யய்யோ, கத்தி எதுக்கும்மா? அடியில ஒரு துளி சுரண்டுறதுக்கா? அவசியமா சுரண்டணுமா? சுரண்டிட்டீங்களா.

சரி. லென்ஸ்ல பாத்தாச்சு. எந்திரிச்சு உக்காருங்க. கொஞ்சம் மெதுவா பேசுவோம், ஜன்னல் தெறந்திருக்கு.

தெரியும்மா. மாமரம். மேல கருஞ்சாயம் பூசி மினுக்கி வச்சிருக்கான். ஏதோ பட்டறையில வரிசையா செஞ்சு தள்ளின சாமான். எப்பவோ பின்பக்கம் ஒரு சில்லு பேந்து, உள்ள வெளுப்பா தெரிஞ்சுது. நான்தான் காப்பித்தூளக் கொழச்சுப் பூசி வச்சேன். பரவால்ல, கலரு நல்லாத்தான் ஒத்துப்போச்சு.

உங்களால ஒரு உபகாரம் ஆகணும். மச்சான் வந்ததும், இப்போதைக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல, தேக்காவும் இருக்கலாம், வால்நட்டாவும் இருக்கலாம்னு இழுத்துடுங்க. உங்க தொழிலுக்குக் கொறச்சல்தான், ஒத்துக்கறேன். என் பொண்ணுகிட்டயும் அதையே சொல்லிடுங்க.

ஏன்னா... பெருசா ஒண்ணுமில்லம்மா. என் வீட்டம்மா இருந்த வரைக்கும் அவரு தங்கச்சியப் பாக்க வந்தாரு. அவ போய்ச் சேந்த பிறகு இங்க அவருக்கு என்ன வேலை? கொஞ்ச மாசம் வரவே இல்ல. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழம வாசல்ல வந்து நின்னு, மாப்ள, அந்தத் தேக்கு அலமாரிய ஒருதரம் பாக்கணும்னாரு. வால்நட்டுன்னேன். அன்னிலருந்து வாரம் தவறாம வர்றாரு. மாமரம்னு ஆயிட்டா நாங்க என்னத்தப் பேசறது? சுகரு, பிரஷரா?

ஏன் சிரிக்கிறீங்க? என்னது, காலையில போன் பண்ணினாரா? யாரு, மச்சானா? ஒண்ணும் சொல்லிடாதீங்கன்னா? மாமரம்னு அவரே சொன்னாரா? அடப்பாவி மனுஷா! எப்பலருந்து தெரியுமாம்? நீங்க கேக்கலயா. சரி, விடுங்க. நானும் கேக்கப் போறதில்ல.

அந்தா, வாசல் கேட்டு தெறக்குற சத்தம். அவருதான். தலையில தூசி, தட்டிக்குங்க. நான் கேட்டத அவர்கிட்ட மூச்சு விடாதீங்க. மூஞ்சியக் கொஞ்சம் கொழப்பமா வச்சுக்குங்க. இன்னும் கொஞ்சம். ஆங், போதும்.

வாங்க மச்சான், வாங்க! என்ன, வால்நட்டப் பாக்க வந்தீங்களா?