மடு மண் போத்தில்

– இது என்னப்பா, போத்திலிலை சிவப்புக் கோடு?

– மகள் ஜெசிக்கான்ரை நகப்பூச்சு. இரவு நான் தான் கீறினனான். மண் எந்த மட்டத்திலை நிக்குது எண்டு எனக்குத் தெரியோணும்.

– மடு மாதான்ரை மண்ணுக்குப் பொலிஸ் காவலோ, மாக்கிரட்?

– மாதாவை நம்பலாம். உங்களை நம்பேலாது. சீசன் தொடங்கினா ஒரு கிள்ளு, பெரிய மச் எண்டா ஒரு கிள்ளு. மன்னாரிலையிருந்து சீலைக்கு நடுவிலை சுத்திக் கொண்டு வந்த மண். எயார்போட்டிலை அவன் இது என்ன தூள் எண்டு கேட்டு என்னை மறிச்சு வைச்சவன். பாம்புக் கடிக்கும் விசத்துக்கும் வைக்கிற மண்ணை நீங்கள் புல்லு வெட்டுற பந்து மைதானத்திலை, அந்த ஸ்தாதியோவிலை கொண்டு போய்ப் போடுறியள். அங்கை என்ன, பாம்போ பந்தடிக்குது?

– போன கிழமை எங்கடை பின்வரிசையைப் பார்த்தனீரே? பாம்பெண்டாலும் கொஞ்சம் ஓடும்.

– பகிடி விடாதேங்கோ, பவுல்.

– கேளுமன். எங்கடை பலெர்மோ அணி நாலாம் பிரிவிலை கிடந்த வருசம் ஞாபகமிருக்கோ? அண்டைக்குத் தான் முதல் முதல் ஒரு கிள்ளு வைச்சனான். பேந்து மூண்டாம் பிரிவு. பேந்து ரெண்டாம் பிரிவு. ஆர் ஏத்தினது?

– ஏன், முதலாம் பிரிவுக்குப் போக மாதாவுக்கு வழி தெரியாமப் போட்டுதோ?

– அதுக்கு ஒரு கிள்ளு காணாது. நீர் விட்டாத் தானே.

– காலாலை மிதிக்கிற இடத்திலை அந்த மண்ணைப் போடுறதே பாவம்.

– மிதிக்கிற இடத்திலை நான் ஒருநாளும் போடேல்லை. கோலுக்குப் பின்னாலை, ஒருத்தரும் நடக்காத மூலையிலை. இந்த முறை அங்கையும் இல்லை. இந்த முறை பந்துக்கே இல்லை.

– பேந்தென்னத்துக்கு?

– வேலை தொடங்கப் போறாங்கள் மாக்கிரட். புதுக் கூரை, புதுக் கதிரை, கடைசியிலை புல்லும் புதுசு. அந்த ஸ்தாதியோ முப்பத்திரண்டாம் ஆண்டு திறந்தது. அப்ப சுத்திவர ஓடுற பாதையும் இருந்ததாம். பேந்து ஆக்கள் கூடக் கூட, அதை எடுத்துப்போட்டு ரெண்டு பக்கமும் வளைச்சுக் கட்டினவங்கள். பேந்து அதுக்கு மேலை இன்னொரு மாடி. தொண்ணூறாம் ஆண்டு உலகக் கிண்ணம் வருதெண்டு திரும்பத் திருத்தினவங்கள். அந்த வேலையிலை கூரை உடைஞ்சு விழுந்து அஞ்சு பேர் செத்தவங்கள். வேலைக்கு வந்த ஆக்கள். பந்து பார்க்க வந்த ஆக்களில்லை.

– பேர் வெட்டின கல்லு ஒண்டு இருக்கெண்டு சொன்னனீங்கள். அவையளோ?

– ஓம். அந்தக் கல்லடியிலை தான் இந்த முறை வைக்கப் போறன். இந்த வேலையிலை ஒருத்தருக்கும் ஒண்டும் வரக்கூடாது. என்னோடை வேலை செய்யிற கிறிகோரியும் அங்கை தான் நிக்கப் போறான். அவனுக்கு ரெண்டு சின்னப் பிள்ளையள்.

– …இதை முதலே சொல்லியிருந்தா நான் கோடு கீறுவனோ? இந்தாங்கோ, கலண்டர்த் தாள். நேற்றையான் தாள். ஒழுங்காச் சரை சுத்துங்கோ. சிந்தப்படாது.

– ஒரு கிள்ளு தான். பாரும்.

– கிள்ளு எண்டு பிடி அள்ளுறியள்! பின்னேரம் வந்தாப் பிறகு நான் போத்திலைப் பார்ப்பன்.

– பாரும், பாரும். கோட்டிலை தான் நிக்கும். இவ்வளவு காலத்திலை எப்பவாவது குறைஞ்சு கண்டனீரே?

– அது தான் எனக்கும் விளங்கேல்லை. நீங்கள் எடுக்கிறியள், அது குறையுதில்லை. மாதான்ரை புதுமை எண்டு தான் நான் நினைக்கிறன்.

– மாதான்ரை புதுமை தான். பஸ் வரப் போகுது.

– சாப்பாட்டுப் பெட்டி! புட்டும் சாளைக் குழம்பும். பெட்டியைச் சரிக்காமல் பிடியுங்கோ. குடை?

– வெயில் எறிக்குது, மாக்கிரட்.

– இஞ்சை வீட்டடியிலை, சீசாப் பக்கம் எறிக்குது. உங்கடை ஸ்தாதியோ மலையடியிலை எப்ப மழை எண்டு ஆர் கண்டது?

– சரி, தாரும். போட்டு வாறன்.

*

– அக்கா, கதவு திறந்து கிடக்குது. கிறிகோரி வந்திருக்கிறன்.

– உள்ளை வாரும் தம்பி. உமக்காகத் தான் திறந்து விட்டனான். இரும்.

– வேலை உடுப்போடை வந்திட்டன் அக்கா. கதிரை ஊத்தையாப் போகும்.

– பவுல் அந்த ஊத்தையோடை தான் அந்தக் கதிரையிலை இருந்தவர். அது பழகின கதிரை. தேத்தண்ணி ஊத்திறன்.

– முப்பத்தொராம் நாள் பூசைக்கு வந்தாப் பிறகு இந்தப் பக்கம் வரேல்லை. மனவருத்தப்படாதேங்கோ. பவுல் அண்ணை இல்லாமல் இந்தப் படி ஏற ஒரு மாதிரிக் கிடந்தது.

– எனக்கும் இறங்க அப்பிடித் தான் இருக்கு. ஆனா இறங்கிறன். சின்யோரா வீட்டுக்கு வேலைக்குப் போறன், கோயிலுக்குப் போறன், ஜெசிக்காவோடை சண்டை பிடிக்கிறன். கறிக்கு இன்னும் அவற்றை அளவுக்குத் தான் உறைப்புப் போடுறன். அதை மட்டும் மாத்தேலாமல் கிடக்கு.

– எனக்குப் பெட்டியிலை போட்டுத் தாங்கோ. நான் சாப்பிடுறன்.

– திங்கக்கிழமை வேலை தொடங்குதாம், உண்மையே?

– ஓம் அக்கா. கூரை தான் முதல். பேந்து கதிரையள். சீசன் முடிய, ஆனியிலை, மைதானத்தையே கிண்டி மண்ணோடை அள்ளிக் கொண்டு போறாங்களாம். பிளாஸ்ரிக் நார் சேர்த்து வளர்த்த புதுப் புல்லு, கம்பளம் மாதிரிச் சுருட்டிக் கொண்டு வருவாங்கள். பவுல் அண்ணை இருந்திருந்தா ஒரு கிழமைக்கு ஒருத்தரோடையும் கதைச்சிருக்கமாட்டார்.

– அப்ப எனக்கு ஒரு உதவி செய்யும், தம்பி. திங்கக்கிழமைக்கு முதல் செய்யோணும். அதுக்குத் தான் கூப்பிட்டனான்.

– சொல்லுங்கோ.

– அவர் அண்டைக்கு மடு மண் கொண்டு வந்தவர். அந்த அஞ்சு பேற்றை கல்லடியிலை வைக்கோணும், உங்களுக்கெல்லாம் ஒண்டும் வரக்கூடாதெண்டு. அதை வைக்க முதலே அவர் மைதானத்திலை மயங்கி விழுந்திட்டார், தம்பி. நினைச்ச காரியம் அரையிலை நிண்டு போச்சு. இரவு படுத்தா அது தான் என்ரை நெஞ்சுக்குள்ளை கிடந்து உருளுது.

– வைக்கேல்லை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?

– ஆர் சொல்லோணும்? ஆஸ்பத்திரியிலை அவற்றை சாமான் தந்தவை. மணிக்கூடு, செபமாலை, குடை, திறக்காத சாப்பாட்டுப் பெட்டி. சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை அந்தச் சரை. காலமை நான் குடுத்த அதே கலண்டர்த் தாள், மடிச்சது மடிச்ச படி. வீட்டை கொண்டு வந்து போத்திலுக்குள்ளை திருப்பிக் கொட்டினன். கொட்டினாப் பிறகு பார்த்தா, மண் சரியா அந்தக் கோட்டிலை நிண்டுது. நான் கோடு கீறினதுக்கு எனக்கு அந்தத் தண்டனை காணும்.

– அக்கா…

– பொறும், இன்னும் கிடக்கு. ஃபாதர் வந்து வீடு ஆசீர்வதிக்கேக்கை போத்திலுக்கும் தீர்த்தம் தெளிச்சவர். அதுக்குப் பிறகு நானும் ஒவ்வொரு நாளும் ரெண்டு சொட்டு விட்டுக்கொண்டு வந்தனான். இப்ப பாரும். யன்னலடியிலை, மாதா படத்துக்குப் பக்கத்திலை.

– புல்லு!

– பச்சைப் புல்லு. மடு மண்ணிலை முளைச்சிருக்கு. கோயிலுக்கு வாற யோசப்பீன் அக்கா பார்த்திட்டு அந்த இடத்திலையே முழந்தாளிட்டவ. பங்குக் கோயிலிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். வாற ஞாயிற்றுக்கிழமை சாந்தா ரொசலியா கோயில் மலைக்கு நடந்து போகேக்கை இதையும் கொண்டு வரட்டாம்.

– ஒருக்கா வெளிச்சத்திலை பார்க்கட்டோ?

– பாரும், பாரும். சரிக்காதேயும்.

– அக்கா, இதை ஆர் ஆருக்கெல்லாம் சொன்னனீங்கள்?

– சொன்னனே, பங்கு முழுக்க. ஏன் உம்மடை முகம் இப்பிடிப் போகுது?

– சிரிக்கிறனோ அழுறனோ எண்டு எனக்கே தெரியேல்லை. இஞ்சை கிட்ட வாங்கோ. இந்த உமி தெரியுதோ? இது நாங்கள் விதைக்கிற விதை. அண்டைக்குக் காலமை பவுல் அண்ணையும் நானும் தான் மூலைப் பக்கம் தூவினனாங்கள். இந்த வெள்ளைப் பொட்டு, மைதானத்திலை கோடு போடுற வெள்ளை. அக்கா, இது எங்கடை புல்லு. எங்கடை மண்.

– விசர்க் கதை கதையாதேயும். நான் கொட்டினது மடு மண்.

– மடு மண்ணை அவர் வைச்சிட்டார்.

– என்ன சொல்லுறீர்?

– நான் பக்கத்திலை நிண்டனான். கல்லடியிலை விரலாலை கிண்டி வைச்சவர். வைச்சிட்டு அந்த அஞ்சு பேரையும் வாய்விட்டு வாசிச்சவர், எங்கடை ஆக்களின்ரை பேர் மாதிரி, ஒவ்வொண்டா. என்னையும் சிலுவை போடச் சொன்னவர். பேந்து மைதானத்துக்கு வந்து, விதைச்ச இடத்திலை குனிஞ்சு ஒரு கிள்ளு மண் எடுத்து, அதே தாளிலை சுத்திப் பொக்கற்றுக்குள்ளை வைச்சவர். ஏனண்ணை எண்டு கேட்டன்.

– என்ன சொன்னவர்?

– ‘மாக்கிரட் நகப்பூச்சாலை கோடு கீறிப்போட்டாள். கோட்டிலை நிக்காட்டி இரவைக்கு எனக்குப் புட்டு இல்லை’ எண்டு சொல்லிச் சிரிச்சவர். அதுக்குப் பிறகு கன நேரம் இல்லை அக்கா. அந்தச் சிரிப்போடை தான் போய்க் கோடு போடுற மெசினைப் பிடிச்சவர்.

– வைச்சிட்டாரோ? உண்மையா வைச்சிட்டாரோ, தம்பி?

– என்ரை பிள்ளையளாணை, வைச்சவர்.

– மாதாவே…

– தண்ணி குடியுங்கோ.

– நில்லும். அப்ப முந்தி எடுத்த கிள்ளுகள்? ஒவ்வொரு சீசனும்?

– ஒவ்வொரு முறையும் அப்பிடித் தான். எடுத்த அளவுக்கு அங்கையிருந்து திருப்பிக் கொண்டு வருவார். நீங்கள் சமைக்கிற நேரம் பார்த்துக் கொட்டுவாராம்.

– அப்ப இந்தப் போத்திலுக்குள்ளை?

– கொஞ்சம் மடு. மிச்சம் எங்கடை பவொரித்தா ஸ்தாதியோ மண்.

– ஐயோ! ஜெசிக்காவுக்குக் காய்ச்சல் வந்தேக்கை இதைத் தானே நெத்தியிலை பூசினனான்!

– காய்ச்சல் நிண்டதோ?

– விடியவே நிண்டது.

– பேந்தென்ன.

– என்ரை சின்யோரான்ரை முழங்காலுக்கும் பூசிவிட்டனான். இப்ப பொல்லில்லாமல் படி ஏறுறா. தம்பி, அவ எங்கடை எதிரணி, கத்தானியாக்காரி!

– அவவுக்கு மட்டும் வாய் திறந்து சொல்லிப்போடாதேங்கோ. பலெர்மோ மண் எண்டு தெரிஞ்சா முழங்கால் திரும்ப மடங்காது.

– சிரிப்புக் காட்டாதேயும்… அவர் போனாப் பிறகு இண்டைக்குத் தான் சிரிக்கிறன். கள்ளன். கூடவே இருந்து என்னை எவ்வளவு காலம் பேய்க்காட்டியிருக்கிறார். இப்ப யோசப்பீன் அக்காவுக்கு நான் என்ன சொல்லுறது?

– புதுமை எண்டே சொல்லுங்கோ.

– பொய் சொல்லச் சொல்லுறீரோ?

– இவ்வளவு வருசமும் பவுல் அண்ணை உங்கடை கையிலை பிடிபடேல்லை. அது புதுமை இல்லையோ?

– ஓம், அது பெரிய புதுமை தான். ஆனா மலைக்குக் கொண்டு போகமாட்டன். இது இந்த வீட்டிலை இருக்கட்டும். அந்தக் கல்லு? திங்கக்கிழமை அதை இடிச்சுப் போடுவாங்களோ?

– இல்லையக்கா. கூரை, கதிரை, புல்லு, லைற் எல்லாம் மாறும். கல்லைச் சுத்திப் பலகை அடிச்சு மூடியாச்சு, ஒரு தூசியும் படாமல். நான் தான் ஆணியை எடுத்துக் குடுத்தனான்.

– அப்ப நான் உம்மைக் கூப்பிட்ட அலுவல் முடிஞ்சுது. அவரே முடிச்சிட்டார்.

– ஆனி வந்தா நாங்கள் விதைச்ச புல்லெல்லாம் போயிடும். இந்தப் போத்திலிலை இருக்கிறது மட்டும் தான் மிச்சம். அக்கா… ஒண்டு கேட்டா ஏசமாட்டியளே?

– கேளும்.

– திங்கக்கிழமை நானும் அந்தக் கூரைக்குக் கீழை தான் நிக்கோணும். பயமெண்டு இல்லை. சும்மா, பொக்கற்றுக்குள்ளை வைச்சிருக்க ஒரு கிள்ளு தாருங்கோவன்.

– இந்தாரும், கலண்டர்த் தாள். ஒழுங்காச் சரை சுத்தும். வேலை முடிஞ்சு வரேக்கை அங்கையிருந்து ஒரு கிள்ளு கொண்டு வாரும், நான் அடுப்படியிலை நிக்கேக்கை கொட்டிவிடும். மண் கோட்டிலை நிக்கோணும்.