கிருதுமால் என்று பெயர் வைத்த பெட்டி

லினக்ஸ் கஷ்டம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், சார். ஒரு பழைய கம்ப்யூட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். அழித்தாலும் பரவாயில்லை என்கிற பெட்டியில் பழகினால் பயம் தானாகப் போய்விடும்.

ஜெயபாண்டிக்கு நான் அப்படித்தான் பழக்கினேன். அவனுக்கும் என் வயதுதான், முப்பத்தொன்பது. பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். சமயநல்லூர் தாண்டி இருக்கிற அந்த ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது நான். அவன் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரியை நடத்துகிற பெரிய டாக்டரிடம் பேசி பில்லிங் கவுண்டரில் உட்கார வைத்ததும் நான்தான். கொஞ்ச நாளில், "மாப்ள, ஒன் வேலையையும் எனக்குச் சொல்லிக் குடேன்" என்றான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒரு மணி நேரம், பத்து மாதம் சொல்லிக்கொடுத்தேன்.

சர்வர் அறையில் அச்சாக ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள். சர்வர்களுக்குப் பெயர் வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். நோயாளிகளின் விவரமெல்லாம் இருக்கிற பெட்டிக்கு வைகை. பயிற்சிக்கு ஒதுக்கிய பெட்டிக்கு, ஊருக்குள் சாக்கடையாகிப்போன கிருதுமால் ஆற்றின் பெயர். அதில் எதைக் கொட்டினாலும் கேட்க ஆளில்லை. ஸ்டிக்கரில் எழுதி முகப்பில் ஒட்டியிருந்தேன். ஜெயபாண்டி பென் டிரைவைச் செருகி, கிருதுமாலில் இருப்பதை முழுக்க அழித்து, லினக்ஸைப் புதிதாக ஏற்றுவான். அடுத்த வாரம் மறுபடி அழிப்பான். அழிப்பதற்கு முன் ஸ்டிக்கரைப் பார், திரையில் வரும் பெயரைப் பார், இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் கை வை என்று சொல்லியிருந்தேன். சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு வாசிப்பான். ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை.

ஐ.டி. கார்டு அடிக்கிற பிரிண்டர் என் மேசைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை அதிலிருந்து ஜெயபாண்டியின் முகம் வந்தது. கீழே 'சிஸ்டம்ஸ் மேனேஜர்' என்று இருந்தது. அப்படி ஒரு பதவி வரப்போவதே எனக்குத் தெரியாது. அவனுக்குப் பன்னிரண்டு நாளுக்கு முன்பே தெரியும். அந்தப் பன்னிரண்டு நாளும் என்னோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டான். எங்கள் சௌராஷ்டிர வீட்டுப் புளியோதரை என்றால் அவனுக்கு உயிர்.

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லணும்னுதான் இருந்தேன் மாப்ள. நீ சங்கடப்படுவியேன்னு..."

எனக்கு வயிறு எரிந்தது. பதவிக்காக இல்லை, சார். சொல்லாததற்காக. அதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்குக் கைகொடுத்து வாழ்த்தும் சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை, அவன் கேன்டீனுக்குப் போன நேரத்தில் ஸ்டிக்கர்களை இடம் மாற்றி ஒட்டினேன். திரையில் வரும் பெயர்களையும் மாற்றினேன். மொத்தம் ஐந்து நிமிட வேலை. விவரங்களின் நகல் இருக்கிற டிஸ்க்கைக் கழற்றி ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை நோயாளிகள் கூட்டம் குறைவு. அவன் கிருதுமாலை அழித்து ஏற்றுவது அன்றைக்குத்தான். எல்லாம் நின்றுபோகும், பெரிய டாக்டர் என்னைக் கூப்பிடுவார், போய் ஒரு மணி நேரத்தில் சரிசெய்து கொடுப்பேன். இதற்கு மேல் நான் எதையும் நினைக்கவில்லை.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஜெயபாண்டி கூப்பிட்டான். "மாப்ள, வைகை போச்சுடா. பேரப் பாத்துத்தான்டா செஞ்சேன். நகல் டிஸ்க்கையும் காணோம்." வாரேன் என்றேன். போகவில்லை. பெரிய டாக்டர் கூப்பிடட்டும் என்று இருந்தேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. சென்னையிலிருந்து யாரையோ வரச் சொல்லியிருந்தார். பதினோரு வருட உழைப்புக்கு அதுதான் மரியாதை.

ஐந்தரைக்கு ஜெயபாண்டி மறுபடி கூப்பிட்டான். "அலங்காநல்லூர்ல இருந்து தங்கப்பொண்ணுன்னு ஒரு அக்கா வந்துருக்காக. கால்ல சீழ் வச்சு, காய்ச்சல்ல நெனவே இல்ல. ஏதோ ஒரு ஊசி அவுகளுக்கு ஆகாதாம். எந்த ஊசின்னு வீட்டுக்காரருக்குத் தெரியல. போன வருசம் நம்மகிட்டதான் எழுதி வச்சிருக்காக. டிஸ்க்கு எங்க இருக்கும், கொஞ்சம் யோசிச்சுச் சொல்லு மாப்ள."

பார்க்கிறேன் என்றேன். பார்க்கவும் செய்தேன். டிஸ்க்கை என் லேப்டாப்பில் மாட்டி அந்த அம்மாவின் பக்கத்தைத் திறந்தேன். வயது நாற்பத்தி நான்கு. ஆகாத மருந்தின் பெயர் சிவப்பு எழுத்தில் தெளிவாக இருந்தது. சொன்னால் டிஸ்க் என்னிடம் இருப்பது தெரிந்துவிடும். லேப்டாப்பை மூடிவிட்டுச் சாப்பிட்டேன்.

டாக்டர்கள் திங்கள் காலை வரை பொறுத்துப் பார்த்திருக்கிறார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. ஒரு ஊசியைத் தேர்ந்து போட்டார்கள். அந்த அம்மாவுக்கு ஆகாதது அதுதான். பத்து மணிக்கு உயிர் போய்விட்டது. எல்லோரும் வார்டுப் பக்கம் ஓடிய நேரத்தில் நான் ஸ்டிக்கர்களைப் பழையபடி ஒட்டி, திரையில் வரும் பெயர்களையும் திருப்பி மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமைப் பதற்றத்தில் யாரும் பெயர் மாறியிருந்ததைக் கவனித்திருக்கவில்லை; சென்னை ஆளும் அதுவரை வந்து சேரவில்லை. பிறகு ஜெயபாண்டி வந்து இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தான். அவன் தோளில் கைபோட்டுக் கூட்டிவந்தது நான்தான்.

அவனை நீங்கள் கைது செய்து ஒன்பது நாளாகிறது. எனக்கு வாயைத் திறக்கிற எண்ணமே இருந்ததில்லை. நேற்று என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டு, அவன் கொடுத்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். என் கவனக்குறைவால் ஒரு உயிர் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறான். அதுவரை சரி. அதற்கு அடுத்து, 'ஸ்ரீனிவாஸ் எனக்குச் சரியாகச் சொல்லித்தரவில்லை' என்கிறான். பத்து மாதம் கூட உட்கார்ந்தவனைப் பற்றி இப்படியா சொல்வான்? எனக்கு நெஞ்சு ஆறவில்லை, சார்.

அதனால்தான் இன்று நானே வந்தேன். பெயர்களை மாற்றியது நான். டிஸ்க்கை எடுத்தது நான். அந்த அம்மாவுக்கு எந்த ஊசி ஆகாது என்று தெரிந்தும் சொல்லாமல் இருந்தது நான். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஜெயபாண்டி அன்றைக்கு ஒரு தப்பும் செய்யவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறான். அவன் வாக்குமூலத்தில் என்னைப் பற்றி இருக்கிற அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.